அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி உருவான கதை: தங்கையை இழந்த ஒரு டாக்டர் அக்கா

விடிந்தும் விடியாத நேரம். தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குள் நுழைகின்றன. ஸ்கேன் கவர், பிளாஸ்க், தலையணை சகிதம் சிலர் இறங்குகிறார்கள். பக்கத்தில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன். அங்கே எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்தால் கிண்டி. அங்கிருந்து அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி பக்கம்தான். நோயாளி ஒருவர் என்றால், அவருக்காக வேலையை விட்டுவிட்டு, லீவு போட்டு, கூலியை இழந்து கூட வருபவர் இன்னொருவர்.

அந்த ஆஸ்பத்திரி பிறந்ததே, இப்படிக் கூட இருந்து தவித்த ஒருவரால்தான். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

யார் இவர்?

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் பெயர் இவருடையதுதான். 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தங்கைக்கு என்ன நடந்தது?

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடம்பு முடியாமல் போனது. முதலில் சீதபேதி என்று நினைத்து அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே தங்கை இறந்துபோனார்.

டாக்டர் இல்லாத வீடு என்றால் விவரம் தெரியாமல் விட்டுவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். முத்துலட்சுமிக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. படித்த படிப்பு சொந்தத் தங்கைக்கே உதவவில்லை. வலியில் துடிப்பவர் பக்கத்தில் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

முப்பது வருஷம் ஏன் ஆனது?

1925-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனவர், லண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையைப் பார்த்தார். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்பதில் உறுதியானார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அந்த ஆசையை வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது.

அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து மக்களிடம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-ல் அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார்; 2021-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

சீக்கிரம் கண்டுபிடித்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம். ஆனால் முற்றிய நிலையில் வீட்டுக்கு அனுப்பப்படுபவரின் பாரம் இன்றும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. ராத்திரி கண் விழிப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, கடன் வாங்குவது என எல்லாமே பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவர் தலையில், அதிலும் மனைவி, மகள், மருமகள் தலையில்.

அவர்கள் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தரும் சேவையும் உண்டு. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம். வலிக்கு மருந்து கேட்பதும், நம்மால் முடியவில்லை என்று சொல்வதும் தோல்வி இல்லை. டாக்டரான முத்துலட்சுமிக்கே அது தனி ஆளாக முடியவில்லை.