நீல்ஸ் ஃபின்சென்

நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென் (டிசம்பர் 15, 1860 – செப்டம்பர் 24, 1904) டென்மார்க் நாட்டு மருத்துவர் ஆவார். தோல் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தியமைக்காக 1903 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். டென்மார்க்கிற்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு இதுவே.

இளமை

வட அத்திலாந்திக்கில் உள்ள பரோயே தீவுகளின் தலைநகரான டோர்ஷாவ்னில் பிறந்தார். தந்தை ஐஸ்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அரசு அதிகாரி. டென்மார்க்கில் இவர் படித்த உறைவிடப் பள்ளி இவரை மந்தமான மாணவராகவே கருதியது. எனவே ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் பள்ளிப் படிப்பை முடித்தார். 1882 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1890 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் 1893 வரை அங்கேயே உடற்கூற்றியல் துறையில் பணியாற்றினார்.

மாணவராக இருந்தபோதே இவரைத் தீராத நோய் பற்றியது. இதயம், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைச் சூழ்ந்த உறைகள் தடித்துக்கொண்டே வந்தன. வடக்கு நோக்கிய, வெயில் நுழையாத அறையில் வசித்த இவர் சோகையாலும் களைப்பாலும் வாடினார். வெயிலில் இருந்தபோது உடல் சற்றுத் தேறுவதாக உணர்ந்தார். ஒளி உயிர்களை என்ன செய்கிறது என்ற இவரது தேடல் இவ்வாறு தொடங்கியது.

ஒளிச் சிகிச்சை

பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பொளி மட்டும் புகும் அறைகளில் வைத்தால் தழும்புகள் குறையும் என 1893 இல் கூறினார். இக்கருத்து பிற்காலத்தில் நிலைபெறவில்லை. இவருக்குப் புகழ் தந்தது முகத்தை அரித்துச் சிதைக்கும் தோல் காசநோய்க்கான சிகிச்சையே. 1895 இல் கோபன்ஹேகன் மின்நிலையத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளருக்கு முதன்முதலில் இதனை அளித்தார். கார்பன் மின்வில் விளக்கின் ஒளி குவார்ட்சு வில்லைகளால் குவிக்கப்பட்டு, நீரால் வெப்பம் நீக்கப்பட்டுத் தோலில் பாய்ச்சப்பட்டது. இரத்தம் ஒளியைத் தடுக்கும் என்பதால், செவிலியர் ஒருவர் படிக வில்லையைத் தோலில் அழுத்தி இரத்தத்தை விலக்கியபடி நெடுநேரம் அமர்ந்திருப்பார். பொறுமையைச் சோதிக்கும் சிகிச்சைதான்; ஆனால் அதுவரை வெளியில் முகம் காட்டத் தயங்கியவர்களுக்கு அது மறுவாழ்வாக அமைந்தது.

1896 இல் ஃபின்சென் ஒளி மருத்துவ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1901 வரை அங்குச் சிகிச்சை பெற்ற சுமார் 800 பேரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் குணமடைந்தனர். இதற்கிடையே இவரது உடல் மேலும் நலிந்தது. இறுதி ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. பரிசுத் தொகையில் ஒரு பகுதியைத் தமது நிறுவனத்திற்கு அளித்தார். பரிசு பெற்ற மறு ஆண்டே, 43 ஆம் வயதில் காலமானார்.

பிற்கால ஆய்வு

நீலம், ஊதா, புற ஊதாக் கதிர்கள் கிருமிகளை நேரடியாகக் கொல்கின்றன என்ற எண்ணத்திலேயே ஃபின்சென் இச்சிகிச்சையைத் தொடங்கினார். எஞ்சியிருந்த அவரது கருவிகளை 2005 இல் டேனிய ஆய்வாளர்கள் சோதித்தனர். 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள, கிருமிகளை வலுவாகக் கொல்லும் கதிர்கள் அவ்வில்லைகளைக் கடக்கவே இல்லை எனத் தெரியவந்தது. காசநோய்க் கிருமிகளில் இயல்பாகவே போர்ஃபிரின் என்னும் நிறமி உள்ளது. அது ஏறக்குறைய 400 நானோமீட்டர் ஒளியை ஈர்த்து, ஆக்சிசனை நச்சுத்தன்மையுடைய வடிவுக்கு மாற்றி, கிருமியை அழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதாவது, ஒளியால் தூண்டப்படும் மருந்து கிருமிக்குள்ளேயே இருந்தது.

அத்தகைய மருந்தை வெளியிலிருந்து அளிக்கும் முறை ஃபின்சென் காலத்திலேயே மியூனிக்கில் உருவாகியது. சாயமும் ஒளியும் சேர்ந்தால் ஒற்றைச் செல் உயிரிகள் மடிவதை 1900 இல் ஆஸ்கார் ராப் கண்டார். 1903 இல் தாப்பைனர், ஈயோசின் சாயத்தையும் ஒளியையும் தோல் கட்டிகளில் பயன்படுத்தினார். ஒளியியக்கச் சிகிச்சை எனப்படும் இம்முறை, புகையிலைப் பழக்கம் போன்றவற்றால் வாயில் தோன்றிப் புற்றுநோயாக மாறக்கூடிய வெண்திட்டுகளுக்கும் பயன்படுத்தப்பட்டு ஆராயப்படுகிறது. அமினோலெவுலினிக் அமிலத்தைத் திட்டின் மீது தடவினால் அங்குள்ள செல்கள் அதனைப் போர்ஃபிரினாக மாற்றுகின்றன. பின்னர் சிவப்பொளி பாய்ச்சப்படுகிறது. ஃபின்சென் விளக்கோ, 1940களுக்குப் பின் காசநோய்க்கு உயிரெதிரி மருந்துகள் வந்ததும் வழக்கொழிந்தது.