உங்கள் கன்னத்துக்குள் ஒரு மெல்லிய கோடு: எவரெஸ்ட் ஏறிய நெய்யூர் டாக்டர் சோமர்வெல்லின் கதை

ஒரு சனிக்கிழமை காலை, கோவையில் இருந்து தடாகம் வழியாக பைக்கில் ஆனைகட்டி போறீங்கன்னு வச்சுக்குவோம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டம். எல்லைக்கு முன்னால் டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறீர்கள். டீ வருவதற்குள் கூட வந்த நண்பர் ஒரு சின்ன பாக்கெட்டைக் கிழித்து, ஒரு சிட்டிகையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறார். குட்காவை கேரளா 2012-லும் தமிழ்நாடு 2013-லும் தடை செய்தன. ஆனாலும் பாக்கெட் அவர் பையில் இருக்கிறது. நீங்களும் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் ஒதுக்கிய அந்த இடம் உங்களுக்கு ஏற்கனவே பழக்கமானதுதான். பள்ளியில் பயாலஜி பிராக்டிகலில் டூத்பிக்கால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பீங்க. அப்பளம் மாதிரி தட்டையான செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. அதுதான் எபிதீலியத் திசு. அந்த மெல்லிய திசு தாங்குமா, உடையுமா என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு டாக்டர் இருந்தார். அந்தக் கேள்வி ஒருமுறை அவர் உயிரையே பறிக்கப் பார்த்தது. அவர் பெயர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

யார் இவர்?

1890-ல் வடமேற்கு இங்கிலாந்தின் கெண்டால் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்கு ஷூ தயாரிக்கும் தொழில். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று டாக்டர் ஆனார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போனவர், 1916-ல் சோம் போர்க்களத்தில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த காயம்பட்டவர்களைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் போரை வெறுத்தார். நன்றாக ஓவியம் வரைவார். இசையிலும் ஆர்வம். எல்லாவற்றுக்கும் மேலே மலை ஏறுவார்.

1922-ல் எவரெஸ்ட் பயணக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. மல்லோரி, நார்டன் ஆகியோருடன் செயற்கை ஆக்ஸிஜன் இல்லாமல் 8,200 மீட்டர் வரை போனார். அதே பயணத்தில் பனிச்சரிவில் 7 சுமைதூக்கும் தொழிலாளர்கள் இறந்தார்கள். சாகசம் செய்ய வந்தவர்கள் பிழைத்துக்கொண்டோம், கூலிக்கு வந்தவர்கள் செத்துப்போனார்களே என்ற குற்ற உணர்வு அவரை விடவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, தெற்கே நெய்யூர் வந்து சேர்ந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டம். 1956 வரை அது கேரளப் பக்கம், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷன் நடத்திய அந்த மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குத் தேர்ந்த டாக்டர் ஒரே ஒருவர். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு, 1923-ல் நெய்யூருக்கே வந்துவிட்டார் சோமர்வெல். வயது 33. உங்களில் பலர் அடுத்த ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்கும் வயது.

எவரெஸ்டில் உரிந்து வந்த சவ்வு

1924-ல் நெய்யூரில் இருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் எவரெஸ்ட் போனார். ஜூன் 4 அன்று நார்டனும் அவரும் உச்சியை நோக்கி ஏறினார்கள். சுமார் 8,500 மீட்டரில் சோமர்வெல்லால் அதற்கு மேல் முடியவில்லை. வறண்ட, உறைய வைக்கும் காற்றை நாள் கணக்கில் சுவாசித்துத் தொண்டை புண்ணாகியிருந்தது. நார்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பினார்.

இறங்கும் வழியில் ஏதோ ஒன்று தொண்டையை அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போன நார்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து, முடிந்தது கதை என்று காத்திருந்தார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அமுக்கினார். அடைப்பு வாய்க்கு வந்தது, கூடவே ரத்தமும். மூச்சு திரும்பியது. குளிரில் செத்துப்போன அவருடைய குரல்வளையின் உட்புறச் சவ்வுதான் உரிந்து வந்து அடைத்திருந்தது. நான்கு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் மேலே ஏறிக் காணாமல் போனார்கள். மல்லோரி கொண்டுபோன கேமரா சோமர்வெல்லுடையது.

சரி, அந்தச் சவ்வு என்ன?

இங்கே கொஞ்சம் மைக்ரோஸ்கோப்புக்குள் போயிட்டு வருவோம்.

லேபில் திசுவை மெல்லிசாகச் சீவி இரண்டு சாயம் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீல ஊதாவாகவும், மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதில் எது என்ன என்று அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு.

செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து நின்று, ஒரு பக்கம் திறந்த வெளியைப் பார்த்தால், அது எபிதீலியம். பீக் ஹவர் பஸ் மாதிரி. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. செல்கள் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறி, நடுவில் இளஞ்சிவப்பு நார்களும் ரத்தக்குழாய்களும் ஓடினால், அது இணைப்புத் திசு. இரண்டுக்கும் நடுவே அடிப்படைச் சவ்வு என்ற மெல்லிய கோடு. மேலே இருப்பவருக்குச் சாப்பாடு கீழே இருந்துதான் இந்தக் கோட்டைத் தாண்டி வர வேண்டும்.

எபிதீலியம் இடத்துக்கு ஏற்ற மாதிரி உருவம் எடுக்கும். கன்னத்தில் உரசல் அதிகம், அதனால் தட்டையான செல்கள் பல அடுக்கு. சிறுகுடலில் உறிஞ்சும் வேலை, அதனால் தூண் மாதிரி உயரமான செல்கள் ஒரே வரிசை. குரல்வளையின் பெரும்பகுதியில் நுனியில் மயிரிழைகள் கொண்ட செல்கள். சளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே போகும் காற்றை ஈரமாக்கி, தூசியை மேலே தள்ளுவது அவற்றின் வேலை. எவரெஸ்ட் காற்று அந்த ஈரத்தைக் காயவைத்து, சவ்வையே கொன்றுவிட்டது.

நெய்யூரில் அதே கோடு

தொண்டை ஆறி நெய்யூர் திரும்பினார் சோமர்வெல். அங்கே வந்து குவிந்தவர்களில் ஒரு பெரிய கூட்டம், முன்சிறுகுடல் புண்காரர்கள். குடலின் எபிதீலியம் அரித்துப்போனால் அமிலம் நேராக இணைப்புத் திசுவில் இறங்கும். ரத்தக்குழாய் இருப்பது அங்கேதானே? அதனால்தான் ரத்தவாந்தி. புண் ஆறும்போது தழும்பு சுருங்கி வழியை அடைத்தால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். வயிற்றில் இருந்து குடலுக்கு மாற்றுப் பாதை போடுவது அந்தக் கால சிகிச்சை. அதில் கைதேர்ந்தவர் ஆனார். 1948-ல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை சிகிச்சை பற்றிப் புத்தகமே எழுதினார்.

இதில் ஒரு சோகமும் உண்டு. புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன் மைக்ரோஸ்கோப்பில் இரைப்பைத் திசுவைப் பார்க்கும்போது எபிதீலியத்தின் மேல் ஒட்டிக் கிடந்த வளைந்த கிருமிகளைக் கவனித்தார். அவருக்கும் பாரி மார்ஷலுக்கும் 2005-ல் நோபல் பரிசு. இன்று பலருக்கு மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது. அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்படும் முன்பே, 1975-ல், சோமர்வெல் இறந்துவிட்டார்.

வெற்றிலைப் பெட்டியும் புற்றுநோயும்

நெய்யூரின் இன்னொரு கூட்டம், வாய்ப்புற்று நோயாளிகள். சோமர்வெல் வருவதற்கு முன்பே, 1908-ல், அங்கே பணியாற்றிய டாக்டர் பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருந்தார். 1933-ல் சோமர்வெல்லின் சக டாக்டர் இயன் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் எழுதினார். எச்சரிக்கை எங்கோ வெளிநாட்டில் இருந்து வரவில்லை, நம் மருத்துவமனை ஒன்றில் இருந்துதான் போனது. உலகம் முழுசாகக் கேட்க ரொம்ப நாள் ஆனது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 2003-ல்தான்.

கன்னத்துக்குள் என்ன நடக்கிறது? தினமும் ஒரே இடத்தில் ஒதுக்கினால் எபிதீலியம் தடித்து, சில சமயம் வெள்ளைத் திட்டு தெரியும். செல்களின் கரு பெருத்து, அடுக்கு ஒழுங்கு குலையும். அந்தக் கோடு அதுவரை உடையாமல் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. செல்கள் கோட்டை உடைத்து இணைப்புத் திசுவில் இறங்கிவிட்டால், அதற்குப் பெயர் புற்றுநோய். அங்கே ரத்தக்குழாயும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன, உடம்பு முழுக்கப் பரவ வழி கிடைத்துவிடும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் டாக்டர் முதலில் தேடுவது இதைத்தான்.

பாக்கு இன்னொன்றும் செய்யும். கோட்டுக்குக் கீழே இருக்கும் நார்களைப் பெருக்கி இறுக்கிவிடும். கன்னம் விறைத்து, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். காரம் பட்டால் எரியும். இது புற்றாக மாறவும் கூடும்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நெய்யூருக்குப் பிறகு வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார் சோமர்வெல். 1961-ல் ஊர் திரும்பினார். நெய்யூரும் வேலூருமாக அவர் நம் ஊரில் உழைத்த காலத்தோடு ஒப்பிட்டால், எவரெஸ்டில் செலவழித்தது சில மாதங்கள்தான்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருவோம். அடுத்த டீ பிரேக்கில் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவும் இருந்தாலும், நேராகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒரு சின்னத் துண்டு திசுவை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து அந்தக் கோட்டைத் தேடுவார். அது உடையாமல் இருக்கும்போதே போய்விட்டால், பிழைக்க நிறைய வழி இருக்கிறது. அட்வைஸ் பண்ணாதே என்று நண்பர் எரிந்துவிழலாம். பரவாயில்லை, சொல்லிடுங்க.