சப்ளினின் சந்தேகம்

கனகராயன்குளத்தில் கண்டி வீதியோரமாக எங்கள் வாப்பாவின் தேநீர்க்கடை இருக்கிறது. சென்ற விடுமுறையில் அங்கே இருந்தபோதுதான் சார்லி சப்ளினின் ‘த கிரேட் டிக்டேட்டர்’ படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரும் எட்டிப் பார்த்தார். 2009 இல் மகனைப் பறிகொடுத்தவர். ஹிட்லரைப் போல மீசை வைத்த ஒருவன் உலக உருண்டையைப் பலூனாக்கித் தூக்கித் தூக்கி விளையாடுகிறான். கடைசியில் அது அவன் கையிலேயே வெடிக்கிறது. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனம் உறுத்தியது. 1990 இல் ஆயுதம் தாங்கியவர்களின் கட்டளைக்குப் பணிந்து, வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறிய ஒருவரின் பேத்தி நான். இப்படிப்பட்ட கொடுமையை வைத்துப் பகிடி பண்ணலாமா?

அதற்காகவே சப்ளினின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

அவர் 1889 ஏப்ரல் 16 இல் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். நான்கு நாட்கள் கழித்து ஒஸ்ரியாவில் ஹிட்லர் பிறந்தான். சப்ளினின் தாயும் தகப்பனும் மேடைப் பாடகர்கள். தகப்பன் குடித்தே அழிந்தார், தாயின் மனநிலை குலைந்தது. ஏழு வயதிலேயே ஏழைகள் விடுதிக்குப் போக நேர்ந்தது. 1925 இல் வந்த ‘கோல்ட் ரஷ்’ படத்தில் பசி தாங்காமல் தன் சப்பாத்தை அவித்துத் தின்கிறாரே, அந்தப் படம் பிறந்ததே ஒரு பயங்கரமான உண்மைச் சம்பவத்திலிருந்துதான். பனியில் அகப்பட்டு, செத்துப்போன தோழரின் உடலையே தின்ற ஒரு கூட்டத்தின் கதை அது. அவலத்தைத்தான் அவர் எப்போதும் நகைச்சுவையாக்கினார்.

1932 இல் இலங்கைக்கும் வந்து கண்டியைப் பார்த்துப் போயிருக்கிறார். எங்கள் கடை வாசலால் ஓடும் வீதி தொடங்குகிற ஊர்! வாப்பா இன்னும் நம்பவில்லை.

1939 செப்டெம்பரில் போர் மூண்ட சில நாட்களிலேயே ‘டிக்டேட்டர்’ படப்பிடிப்பைத் தொடங்கினார். வேண்டாமென்று பலர் தடுத்தார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்து, 1940 ஒக்டோபரில் வெளியிட்டார். சர்வாதிகாரியும் அவரே, அவனால் வேட்டையாடப்படும் யூத நாவிதனும் அவரே. ஆள்மாறாட்டத்தால் மேடையேறும் நாவிதன் முடிவில் பகிடியை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்து நேராகப் பேசுகிறான். எனக்கென்னவோ அந்தப் பேச்சைவிடப் பலூன்தான் பெரிதாகப் படுகிறது.

படத்தில் ஒரு தடுப்பு முகாமும் வருகிறது. அங்கிருந்து நாவிதன் உடைமாற்றித் தப்பிவிடுகிறான். உண்மையில் அந்த முகாம்களில் என்ன நடந்ததென்பது போர் முடிந்தபோதுதான் உலகுக்கு முழுமையாகத் தெரிந்தது. 1964 இல் வந்த தன்வரலாற்றில் சப்ளின் இதை ஒளிக்கவில்லை. அந்தக் கொடூரம் முன்னமே தெரிந்திருந்தால் அப்படியொரு படத்தைத் தன்னால் எடுத்திருக்கவே முடியாது என்கிறார். தான் எடுத்த படத்தையே இப்படிச் சந்தேகித்தவர் அவர்.

ஆனாலும் அவலநகைச்சுவையை அவர் கைவிடவில்லை. 1947 இல் ‘மொன்சியர் வெர்டூ’ வந்தது. வேலை போன வங்கி எழுதுநர் ஒருவன், தன் குடும்பத்தைக் காப்பாற்றப் பணக்காரப் பெண்களை மணந்து கொல்கிறான். ஒருசிலரைக் கொன்றவன் கொலைகாரன், ஆயிரக்கணக்கில் கொல்பவன் யார் என்ற கேள்வியோடு தண்டனைக்குப் போகிறான். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு எதிர்ப்புத்தான் கிடைத்தது. 1952 இல் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதே, அவர் அமெரிக்காவுக்குத் திரும்பும் அனுமதியும் பறிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் குடியேறி, 1977 டிசெம்பர் 25 இல் அங்கேயே காலமானார்.

விடுமுறை முடிவதற்கு முந்தின நாள், சப்ளினின் அந்த வருத்தத்தை ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பலூன் வெடிக்கிற இடத்தை இன்னொருக்கால் போட்டுக் காட்டச் சொன்னார்.