அருணை மலையில் ஓர் இல்லம்

வடதுருவத்தை அடுத்த பனிக்கடலில் ஆளரவமற்ற தீவுகள் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றில் முற்காலத்தில் இனுயிட் மக்கள் குடியிருந்தனர். அவர்கள் அடுக்கிவைத்த கற்களே இன்று அவ்வாழ்வுக்குச் சான்று. திருவண்ணாமலையின் சரிவிலும் வாழ்ந்தோர் நீங்கிய இல்லம் ஒன்றுண்டு. ஸ்கந்தாசிரமம் என்னும் அவ்விடத்தின் கதை, இரமண மகரிஷியின் வரலாற்றோடு பிணைந்ததாகும்.

இரமணர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மையாருக்கும் மைந்தராகப் பிறந்தார். வேங்கடராமன் என்பது அவரது இளமைப்பெயர். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்த அவர், மதுரையில் சிற்றப்பாவின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். 1896இல் ஒருநாள் மரண அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. உடல் அழிந்தபின் எஞ்சி நிற்கும் 'நான்' யாது என்று அவர் தமக்குள்ளே ஆராய்ந்தார். அதன்பின் படிப்பில் மனம் செல்லவில்லை. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டைத் துறந்து, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

ஈராண்டுக்குப்பின் பவழக்குன்றில் மகனைக் கண்ட அன்னை, வீடு திரும்புமாறு கண்ணீர் மல்க வேண்டினார். மௌனம் பூண்டிருந்த இரமணர், விதித்தபடியே யாவும் நடக்கும் என்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாயுள்ளம் எத்துணை நொந்திருக்கும்! அவர் வெறுங்கையராய் மீண்டார்.

1899 முதல் விருபாட்ச குகையில் வாழ்ந்த இரமணருடன் 1916இல் அன்னையும் வந்து சேர்ந்தார். அவ்வாண்டே, கந்தசாமி என்னும் அன்பர் மலைச்சரிவைச் சமன் செய்து அமைத்த ஸ்கந்தாசிரமத்திற்கு அனைவரும் குடிபெயர்ந்தனர். அங்கே அன்னை அடுப்பு மூட்டி அன்னம் சமைத்தார். இளைய மைந்தரும் உடன் வாழ்ந்தார். துறவியின் உறைவிடம் இல்லமாயிற்று.

1922 மே 19ஆம் நாள் அன்னை நோயுற்றுக் கிடந்தார். இரமணர் ஒரு கையைத் தாயின் தலையிலும் மறு கையை மார்பிலும் வைத்தவாறு, உயிர் ஒடுங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார். அன்னையின் உடல் மலையின் தென்னடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நாள்தோறும் அங்கு இறங்கிச் சென்றுவந்த இரமணர், அவ்வாண்டின் இறுதியில் மலைமேல் திரும்பாது அங்கேயே தங்கிவிட்டார். அச்சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவரும் அங்கேயே மறைந்தார்.

வீட்டுக்கு அழைக்க வந்த அன்னையைப் பின்தொடராத மைந்தர், இறுதியில் அவர் துயிலும் இடத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டார். மலைமேல் உள்ள இல்லத்தில் இன்று அடுப்பு எரிவதில்லை. அங்கு ஏறிச் செல்வோரை அதன் அமைதியே வரவேற்கின்றது.