மைதானத்தில் 42, வீட்டுப் புல்வெளியில் ஜாஸ்: யார் இந்த ஜாக்கி ராபின்சன்?

ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் வீரர்கள் எல்லாரும் ஒரே எண் ஜெர்சியில்தான் இறங்குவார்கள். எந்த அணியாக இருந்தாலும் முதுகில் 42. மற்ற நாள்களில் அந்த எண்ணைப் புதிதாக யாருக்கும் கொடுப்பதே இல்லை. 1997-ல் எல்லா அணிகளிலும் சேர்த்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அந்த 42-க்குச் சொந்தக்காரர் ஜாக்கி ராபின்சன். மேஜர் லீக் பேஸ்பாலில் இருந்த நிறத்தடையை உடைத்தவர் என்ற அளவில் பலருக்கும் தெரியும். ஆனால், அவர் கதையில் ஜாஸ் இசைக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் ஆட்டத்தை இசைத்தட்டில் கொண்டாடியவர்கள் ஜாஸ் கலைஞர்கள். பின்னாளில் போராட்டக்காரர்களை ஜாமீனில் எடுக்கப் பணம் தேவைப்பட்டபோது, அவர் வீட்டுத் தோட்டத்துக்கே வந்து வாசித்தவர்களும் அவர்கள்தான்.

பேஸ்பாலுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு ஆச்சரியமான தகவல். 'ஜாஸ்' என்ற சொல் அச்சில் தென்பட்ட மிகப் பழைய இடங்களில் சில, இசைச் செய்திகள் அல்ல, பேஸ்பால் செய்திகள். 1912, 1913-ல் கலிபோர்னியா நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் துள்ளல், உற்சாகம் என்கிற அர்த்தத்தில் அது வந்திருக்கிறது. இசைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான்.

சொல்லைத் தாண்டியும் உறவு உண்டு. 1880-களின் இறுதியிலிருந்து சுமார் 60 ஆண்டுகள், மேஜர் லீக் அணிகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. ஆனாலும் எல்லா அணிகளும் அதைக் கடைப்பிடித்தன. அதனால் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனி லீக்குகளை நடத்தினார்கள். 'நீக்ரோ லீக்' என்பதுதான் அன்றைய பெயர்.

இந்த வீரர்களும் ஜாஸ் கலைஞர்களும் கிட்டத்தட்ட ஒரே வாழ்க்கையைத்தான் வாழ்ந்தார்கள். இரு தரப்புக்கும் பஸ் பயணம்தான் பாதி வாழ்க்கை. வெள்ளையர் ஹோட்டல்களில் ரூம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. அதனால் ஊருக்கு ஊர் கறுப்பினத்தவர் பகுதியில் இருந்த ஒரே விடுதியில் இரு தரப்பும் தங்கும். சாயங்காலம் வரை மைதானம், ராத்திரி கிளப். வீரர்கள் கச்சேரிக்குப் போவார்கள், கலைஞர்கள் மேட்ச் பார்க்க வருவார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1931-ல் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பியபோது, உள்ளூர் பேஸ்பால் அணி ஒன்றுக்கு வெள்ளை வெளேர் என்று சீருடை வாங்கிக் கொடுத்தார். அழுக்காகிவிடுமே என்று வீரர்கள் தரையில் சறுக்கவே யோசித்தார்களாம்.

இந்த இரண்டு உலகமும் ஒன்றாகக் கலந்த ஊர்களில் முக்கியமானது கன்சாஸ் சிட்டி. 1920-ல் நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கப்பட்டது அங்கேதான். கவுன்ட் பேசி தன் இசைக்குழுவை வளர்த்ததும் அதே ஊரில்தான். 1945-ல் அந்த ஊரின் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் 26 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். அவர்தான் ராபின்சன்.

அதுவரை அவர் வாழ்க்கை எப்படி?

1919 ஜனவரி 31-ல் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ ஊரில் பிறந்தார். அடிமைகளின் வம்சம். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் பங்குக்கு உழுதவர்கள். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மா மாலி ஐந்து பிள்ளைகளோடு கலிபோர்னியாவின் பாசடினாவுக்கு ரயில் ஏறினார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். கடைக்குட்டிதான் ஜாக்கி.

அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெரு கூட்டும் வேலை. திறமை இருந்தால் மட்டும் போதாது என்பதை ஜாக்கி வீட்டிலேயே பார்த்துவிட்டார்.

கல்லூரியில் அவர் நான்கு விளையாட்டுகளில் ஜொலித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். கறுப்பினத்தவருக்கு அதிகாரி பயிற்சி கிடைப்பதே அப்போது குதிரைக்கொம்பு. அதே முகாமில் இருந்த குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ், தன் செல்வாக்கைப் பயன்படுத்தி உதவினார். ராபின்சன் லெப்டினன்ட் ஆனார்.

1944 ஜூலையில் டெக்சஸில் ராணுவ பஸ் ஒன்றில் பின்னால் போய் உட்காரச் சொன்னார் டிரைவர். ராபின்சன் மறுத்தார். விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போனது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. மான்ட்கோமரி பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்ததற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த சம்பவம் இது.

வாய்க்குப் பூட்டு

1945 ஆகஸ்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை வரவழைத்தார். நிறத்தடையை உடைக்க ஒரு வீரரைத் தேடிக்கொண்டிருந்தார் ரிக்கி. ஆட்டத் திறமை மட்டும் அவருக்குப் போதவில்லை. எவ்வளவு அவமானப்படுத்தினாலும் திருப்பி அடிக்காத ஆள் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. முதல் வீரர் ஒரே ஒரு சண்டையில் மாட்டினால்கூடப் போதும், அதையே சாக்காக வைத்துக் கதவை மறுபடி சாத்திவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. பஸ் சீட்டுக்காக நீதிமன்றம் வரை போன மனிதர், அந்த நிபந்தனைக்குச் சம்மதித்தார்.

அவர்தான் அன்றைய மிகச்சிறந்த கறுப்பின வீரரா என்றால், இல்லை என்றே பலர் சொல்வார்கள். சாட்செல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் போன்ற ஜாம்பவான்கள் நீக்ரோ லீக்கில் இருந்தார்கள். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அடுத்த மூன்றாவது மாதத்தில்தான் கதவு திறந்தது.

1947 ஏப்ரல் 15. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். டாட்ஜர்ஸ் ஜெர்சியில் ராபின்சன் இறங்கினார். பார்க்க வந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்.

அந்த சீசன் முழுக்கக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. வேண்டுமென்றே அவர் உடம்பைப் பார்த்துப் பந்து வீசினார்கள். பிலடெல்பியா அணியின் மேனேஜரும் வீரர்களும் களத்தின் ஓரத்தில் இருந்தே இனவெறி வசவுகளைக் கத்தினார்கள். ராபின்சன் எதற்கும் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு முதன்முறையாகக் கொடுக்கப்பட்ட சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

ஒரு வீரர், ஒரு இசைத்தட்டு

1949-ல் பூட்டு கழன்றது. இனி நீங்கள் நீங்களாகவே இருக்கலாம் என்று ரிக்கி விட்டுவிட்டார். நடுவர்களிடம் வாதாடுவது, சீண்டினால் திருப்பிக் கேட்பது என ராபின்சனின் நிஜ குணம் வெளியே வந்தது. அவர் ஆட்டமும் உச்சத்துக்குப் போனது அதே ஆண்டில்தான். பேட்டிங் சராசரி 0.342. பேஸ்பாலில் 0.300 தொட்டாலே ஒருவரை நல்ல பேட்டர் என்பார்கள். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே.

அதோடு 37 'ஸ்டீல்'. அது என்னன்னா, பந்து வீசுபவர் கொஞ்சம் அசந்தாலும் ஒரு பேஸிலிருந்து அடுத்ததுக்கு ஓடிப்போய் இடத்தைப் பிடிப்பது. கிரிக்கெட்டில் பவுலர் ஓடிவரும்போதே நான்-ஸ்ட்ரைக்கர் ரன்னைத் திருட முடியும் என்றால் எப்படி இருக்கும்? ராபின்சன் பேஸில் நின்று முன்னும் பின்னும் ஆடுவார். ஓடுவாரா, மாட்டாரா என்று தெரியாமல் பிட்சர் குழம்பிப்போவார். நீக்ரோ லீக்கில் வளர்ந்த ஆட்ட பாணி இது. ஜாஸில் கலைஞர் அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பது மாதிரி.

அதே 1949-ல் வந்தது அந்த இசைத்தட்டு. பட்டி ஜான்சன் எழுதி, தன் குழுவோடு பதிவு செய்த 'டிட் யூ சீ ஜாக்கி ராபின்சன் ஹிட் தட் பால்?' பாட்டு கறுப்பின ரசிகர்களிடம் ஹிட் ஆனது. கொஞ்ச நாளில் கவுன்ட் பேசியின் குழுவும் அதைப் பதிவு செய்தது. இன்றும் பலர் கேட்பது பேசியின் பதிவைத்தான். ராபின்சனோடு சாட்செல் பெய்ஜ், ராய் கம்பனெல்லா, டான் நியூகோம், லாரி டோபி என மற்ற கறுப்பின வீரர்களின் பெயர்களும் பாட்டில் வரும். அதனால் அது ஒரு தனி மனிதரைப் பற்றிய பாட்டு மட்டுமல்ல. கதவு திறந்த பிறகு உள்ளே வந்தவர்களின் பட்டியலும்கூட.

அந்த ஆண்டின் இன்னொரு பக்கம்

பாட்டு வந்த அதே கோடையில், ராபின்சன் வாழ்க்கையின் சங்கடமான சம்பவமும் நடந்தது. 1949 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை சாட்சி சொல்ல அழைத்தது. கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று முத்திரை குத்தப்பட்ட பாடகர் பால் ரோப்சனின் கருத்தை மறுத்துப் பேச வேண்டும். ராபின்சன் போனார். மறுத்தும் பேசினார். அதே சாட்சியத்தில் அமெரிக்க இனவெறியையும் அவர் கண்டித்தார். ஆனால், தலைப்புச் செய்தியானது முதல் பாதிதான்.

இதில் வலி என்னன்னா, 1943-லேயே பேஸ்பால் ஆணையரை நேரில் சந்தித்து, கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர் இதே ரோப்சன். ராபின்சனுக்கு ராணுவத்தில் உதவிய ஜோ லூயிஸைப் புகழ்ந்து, 1941-ல் கவுன்ட் பேசி குழுவோடு இசைத்தட்டில் பாடியவரும் அவர்தான். அடுத்த ஆண்டே ரோப்சனின் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் எழுதிய சுயசரிதையில், அப்படி ஓர் அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்ற பொருளில் ராபின்சன் குறிப்பிட்டார். ரோப்சன் மீது மரியாதை கூடியிருப்பதையும் பதிவு செய்தார்.

தோட்டத்தில் ஒரு கச்சேரி

1955-ல் டாட்ஜர்ஸ் யாங்கீஸை வீழ்த்தி உலகத் தொடரை வென்றது. அடுத்த ஆண்டின் இறுதியில் அவரை வேறு அணிக்கு மாற்றினார்கள். ராபின்சன் அங்கே போகாமல் ஓய்வு பெற்று, ஒரு காபி நிறுவனத்தில் துணைத் தலைவர் ஆனார். 1962-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே.

1963 மே மாதம், பர்மிங்காமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ராபின்சன் நேரில் போய்ப் பார்த்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு உடனடித் தேவை ஜாமீன் பணம்.

ஜாக்கியும் மனைவி ரேச்சலும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்ஃபோர்டில் இருந்த தங்கள் வீட்டுப் புல்வெளியிலேயே ஜூன் மாதம் ஜாஸ் கச்சேரி வைத்தார்கள். டிக்கெட் பணம் முழுக்கப் போராட்டத்துக்கு. வந்தவர்கள் புல்லில் உட்கார்ந்து கேட்டார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பி, டேவ் புரூபெக், கேனன்பால் ஆடர்லி, டியூக் எலிங்டன் போன்ற பெரிய தலைகள் அந்தத் தோட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். 'ஆஃப்டர்நூன் ஆஃப் ஜாஸ்' என்ற பெயரில் கச்சேரி தொடர்ந்து நடந்தது.

1971-ல் கச்சேரியின் நோக்கம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மூத்த மகன் ஜாக்கி ஜூனியர் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பி, போதைக்கு அடிமையானார். டேடாப் என்ற மறுவாழ்வு மையத்தில் மீண்டு, அங்கேயே மற்றவர்களுக்கு உதவும் வேலையில் சேர்ந்தார். அந்த மையத்துக்கு நிதி திரட்ட வீட்டில் ஜாஸ் கச்சேரி வைக்கும் ஏற்பாடுகளை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் 17 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது 24. கச்சேரிக்குச் சில நாள்களே இருந்தன. ராபின்சன் குடும்பம் அதை ரத்து செய்யவில்லை. மகன் திட்டமிட்டபடியே அதே தோட்டத்தில் நடத்தினார்கள்.

அதன் பிறகு?

சர்க்கரை நோய் ராபின்சனை வாட்டியது. பார்வை மங்கியது. 1972 அக்டோபர் 15 அன்று உலகத் தொடரில் அவரை கௌரவித்தார்கள். நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பின மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஒன்பது நாள்களில், 53 வயதில் காலமானார். அவர் கேட்டது 1975-ல் நடந்தது. ஃபிராங்க் ராபின்சன் என்ற கறுப்பின வீரர் கிளீவ்லாண்ட் அணிக்கு மேனேஜர் ஆனார். பெயர் ஒற்றுமை மட்டும்தான், உறவுக்காரர் அல்ல.

1973-ல் ரேச்சல், கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஏழைக் குடும்பத்து மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. தோட்டத்து ஜாஸ் கச்சேரி மேலும் பல ஆண்டுகள் நடந்தது. முன்பு ஜாமீனுக்குப் போன டிக்கெட் பணம், இப்போது காலேஜ் ஃபீஸுக்குப் போனது.