ஸர் ஜோஸப் விட்வொர்த்

வேட்டைத் துப்பாக்கியின்மீது தொலைநோக்கியை அமைக்க விரும்புவோர் முதற்கண் தேர்ந்துகொள்ள வேண்டுவது அதனைத் தாங்கும் உலோகப் பட்டையாகும். அதனை ரெயில் என்பர். தொலைநோக்கியைப் பற்றும் வளையங்கள் இரண்டும் அதன்மேல் நிற்கும். அவை 4 அங்குல இடைவெளியில் நிற்க, அவற்றுள் ஒன்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே உயர்ந்திருப்பினும், 100 கஜத் தொலைவில் குறி ஏறக்குறைய ஓர் அங்குலம் பிறழும். ஆதலின் அறிந்தோர், அவ்வகைத் துப்பாக்கிக்கென்றே செய்த பட்டையைத் தேர்ந்து, முன்புறத் திருகாணிகளை மட்டும் இறுக்கி, பின்முனை மேலெழுகின்றதா என நோக்குவர். எழுமாயின், எஞ்சிய திருகாணிகளை வலிந்து இறுக்குதல் பட்டையை வளைத்துவிடும். தளம் சமமாதல் வேண்டும். திருகாணியின் மரை துளையின் மரையோடு ஒத்தல் வேண்டும். இவ்விரு நெறிகளையும் தொழிலுலகில் நிலைபெறச் செய்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விட்வொர்த் 1803ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியரும் சபைக் குருவுமாக விளங்கியவர். மைந்தரோ 14ஆம் வயதில் உறவினரின் பருத்தியாலையிற் சேர்ந்தார். ஆங்கு வாணிகத்தினும் எந்திரமே அவருள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் மான்செஸ்டருக்கும், 1825இல் லண்டனுக்கும் சென்று, மாட்ஸ்லி என்னும் தொழில் வல்லாரின் பட்டறையிற் பயின்றார். 1833இல் மான்செஸ்டருக்கு மீண்டு சொந்தப் பட்டறை நிறுவினார்.

இரு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் மட்டும் சமதளம் கிட்டாது. ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருப்பினும் அவை நன்கு பொருந்தும். மூன்று தகடுகளை மாறி மாறிப் பொருத்தி, செங்காவியும் எண்ணெயும் பூசி, மேடு தோன்றுமிடத்தைச் சுரண்டி நீக்கினாலன்றி உண்மை வெளிப்படாது. இம்முறையை அவர் 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர் அவையில் விளக்கினார். அந்நாளிற் பட்டறைதோறும் மரை வேறுபட்டிருந்தது. பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி ஆராய்ந்து, 55 பாகைக் கோணமுடைய பொது மரையை 1841இல் வகுத்தார். இக்காலத்துத் துப்பாக்கிப் பட்டைகளுக்குப் பயன்படும் அமெரிக்கத் திருகாணிகளின் கோணம் 60 பாகையாகும். அளவு வேறாயினும், யாவர்க்கும் ஒரே அளவு வேண்டுமென்னும் நெறி அவர் காட்டியதேயன்றோ!

1854இல் அரசினர் துப்பாக்கி பற்றி அவர் துணையை நாடினர். அவர் தம் மனையருகே 500 கஜ நீளமுள்ள சோதனைக் கூடம் எழுப்பி ஆராய்ந்து, அறுகோணத் துளையுடைய குழலை அமைத்தார். 1857ஆம் ஆண்டுச் சோதனையில் அது குறி பிழையாமையில் என்பீல்டு துப்பாக்கியை வென்றது. எனினும் படைத்துறையினர் அதனை ஏற்கவில்லை. துளை சிறிது, விலை பெரிது என்பன அவர் கூறிய காரணங்களுட் சில. 1860இல் விம்பிள்டனில், தாங்கியிற் பிணித்த அத்துப்பாக்கியால் விக்டோரியா அரசியார் 400 கஜ இலக்கைச் சுட, குண்டு நடுப்புள்ளிக்கு ஏறக்குறைய 1¼ அங்குலத்தில் பாய்ந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் அத்துப்பாக்கியைக் கைக்கொண்டனர். டேவிட்சன் என்பார் அமைத்த தொலைநோக்கி சிலவற்றின் இடப்புறத்தே பொருத்தப்பெற்றிருந்தது. 1864இல் தளபதி செட்ஜ்விக் நெடுந்தொலைவிலிருந்து வந்த குண்டினால் மாண்டார்; அது விட்வொர்த் துப்பாக்கியின் குண்டென்பது பெருவழக்கு. பிழை நீக்கப் பிறந்த நுட்பம் உயிர் நீக்கவும் உதவியதை நினையுங்கால் நம் உள்ளம் கலங்குகின்றது. கருவியைச் செவ்வையாக்குதல் கைவினைஞர் கடன். அதனை யார்மேல் நோக்குவது என்பதோ வேறொரு வினா. அதற்கு எவ்வளவு கோலும் விடை கூறாது.

அவர் ஈட்டிய பொருள் கல்விக்கும் ஆயிற்று. 1868இல், ஆண்டுக்கு 100 பவுன் பெறுமான 30 உதவிச் சம்பளங்களை எந்திரவியல் பயிலும் இளைஞர்க்கென ஏற்படுத்தினார். அவர் பெயரால் அவை இன்றும் வழங்கப்பெறுகின்றன. 1887ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் மான்டி கார்லோவில் உயிர் நீத்தார்.

ஒரு தகட்டின் கோணலை அதுவே அறியாது. பிற இரண்டோடு பொருந்தும்போதே அது புலனாகும். கல்லூரியில் ஒருங்கு வாழும் நாமும் அத்தகையோமே. நண்பர் நம் குறையைச் சுட்டுங்கால் சினவாது ஏற்போமாக.