ஆற்காட்டில் படித்த மென்குரல்: ஏ.எம். ராஜா

நம் குடியிருப்பில் எண்பது வயதைத் தொட்ட பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் என்று பல வகை. அவர்களிடம் சின்ன வயதில் கேட்ட பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கொஞ்ச நேரத்தில் ஏ.எம். ராஜாவின் பெயர் வந்துவிடும். அந்தப் பெயருக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவு இளையவர்கள் பலருக்குத் தெரியாது. அதனால் இந்த இதழில் அவர் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

எல்லைப்புறத்துப் பிள்ளை

ராஜா பிறந்தது 1929 ஜூலை 1ஆம் தேதி, சித்தூர் மாவட்டத்து ராமச்சந்திராபுரத்தில். 1911 வரை சித்தூர்ப் பக்கத்துத் தாலுகாக்கள் நம்முடைய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. அதன் பிறகும் போக்குவரத்தும், சந்தையும், கொள்வினை கொடுப்பினையும் விட்டுப்போகவில்லை. இன்றைக்கும் காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் சித்தூர் பக்கத்து ஊர்தானே.

ஏமல மன்மதராஜு ராஜா என்பது முழுப் பெயர். அதன் முதல் இரண்டு எழுத்துகள்தான் ஏ.எம். தந்தை மன்மதராஜு, தாயார் லட்சுமம்மா. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோதே தந்தை இறந்துவிட்டார். குடும்பம் ரேணுகாபுரத்துக்குப் போனது. பையன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை ஆற்காட்டில் முடித்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைவீதியில் உருது. நம் பாலாற்றங்கரை ஊர்களில் வளர்ந்த எவருக்கும் இது பழகிய சங்கதி. பிற்காலத்தில் அவர் ஐந்தாறு மொழிகளில் தடுமாறாமல் பாடினார். அதற்கு இந்த வளர்ப்பும் கை கொடுத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஆற்காட்டிலிருந்து சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் 1951இல் பி.ஏ. முடித்தார். கல்லூரியில் படிக்கும்போதே தானே எழுதி, தானே மெட்டமைத்த இரண்டு தெலுங்குப் பாட்டுகளை எச்.எம்.வி. கம்பெனி இசைத்தட்டாக்கியது. அதற்கு வாத்தியக் குழுவை ஒழுங்கு செய்து கொடுத்தவர் கே.வி. மகாதேவன். பின்னால் 'திரை இசைத் திலகம்' என்று பெயர் வாங்கியவரேதான்.

ராஜா வானொலியிலும் பாடினார். அந்தக் குரல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனின் காதில் விழுந்தது. 1951இல் ஜெமினி எடுத்த 'சம்சாரம்' படத்தின் தலைப்புப் பாட்டு ராஜாவுக்குக் கிடைத்தது. பட்டம் வாங்கிய வருஷத்திலேயே ஊர் முழுக்கத் தெரிந்த பாடகராகிவிட்டார்.

மைக் முன்னால் மெதுவாக

அவர் குரலில் என்ன புதுமை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அதற்கு முந்தைய தலைமுறையின் பெரிய பாடகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகியவர்கள். மைக் வந்த பிறகு அந்தத் தேவை இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவில் பாடினாலும் போதும். இந்த வசதியைப் புரிந்துகொண்டு பாடிய முதல் சிலரில் ராஜா ஒருவர். அலட்டல் இல்லை, சங்கதிகளை அடுக்கிக் காட்டுவதில்லை. சோகப் பாட்டிலும் அழுகையை அடக்கிக்கொண்டே பாடுவார்.

அப்போது ஒலிப்பதிவும் இன்றுபோல் இல்லை. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் சேர்ந்துதான் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். இந்தக் கட்டுக்குள் பாடியவர்களுக்குத் தயாரிப்பில் ஒரு கண்டிப்பு தானாக வந்துவிடும். ராஜாவுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

1955 பொங்கலுக்கு வந்த 'மிஸ்ஸியம்மா' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசை. வேலைக்காகக் கணவன் மனைவி என்று நடிக்கும் இருவர் நிலவைக் கூப்பிட்டு ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லும் பாட்டை ராஜாவும் பி. லீலாவும் பாடினார்கள். இந்தப் படம் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. தமிழில் ஜெமினி கணேசனுக்கும் தெலுங்கில் என்.டி. ராமாராவுக்கும் பாடியது ராஜா ஒருவரே. அது முதல் ஜெமினி வாயசைத்தால் ராஜாவின் குரல் வர வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். எம்.ஜி.ஆருக்கும் அவர் பாடியிருக்கிறார். 1955இல் 'குலேபகாவலி', 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இரண்டிலும் காதல் பாட்டு அவருடையது.

இலங்கை வானொலியும் நம் ஊரும்

இவ்வளவு பாட்டையும் நம் பெரியவர்கள் எங்கே கேட்டார்கள்? 1952க்குப் பிறகு சில வருஷங்கள் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்தது. அப்போது கை கொடுத்தது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலி. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீஸில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் எல்லா வீட்டிலும் ரேடியோ கிடையாது. டீக்கடையில் நின்று கேட்டவர்கள், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள், கல்யாண வீட்டு மைக் செட்டில் கேட்டவர்கள்தான் அதிகம். பிடித்த பாட்டு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒரே தடவையில் மனப்பாடம் செய்துகொள்ளும் அளவுக்குக் காது கூர்மையாக இருந்தது. பதினைந்து வயதில் அப்படிக் கேட்ட பாட்டு எண்பது வயதிலும் ஒரு சொல் பிசகாமல் வருகிறது என்றால் காரணம் இதுதான்.

கல்யாண பரிசு

பாடகராக இருந்தவர் இசையமைப்பாளராகவும் ஆனார். முதல் படம் 1958இல் வந்த 'சோபா' என்ற தெலுங்குப் படம். அடுத்த ஆண்டு ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாண பரிசு' வந்தது. பாட்டுகளை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இயக்குநருக்கு இது முதல் படம், இசையமைப்பாளருக்குத் தமிழில் முதல் படம், கவிஞருக்கு வயது இருபத்தொன்பது. மூன்று பேருமே இளைஞர்கள். ஜெமினியும் சரோஜா தேவியும் சைக்கிளில் போய்க்கொண்டே பாடும் பாட்டைக் கேட்டு, சைக்கிள் வாங்கியே தீருவேன் என்று வீட்டில் அடம் பிடித்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர்.

அந்தப் படத்தின் தீபாவளிப் பாட்டு இரண்டு விதமாக வரும். மகிழ்ச்சியாக இருக்கும்போது பி. சுசீலாவின் குரலில் மத்தாப்பு போல ஒலிக்கும். காதல் கைகூடாத பிறகு அதே மெட்டு ராஜாவின் குரலில் தணிந்து வரும். ஒரே மெட்டில் சந்தோஷமும் துக்கமும் எப்படி இருக்க முடியும் என்று இசை படிக்கிறவர்கள் இன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படம் வந்தது 1959 ஏப்ரலில். அதே வருஷம் அக்டோபரில் பட்டுக்கோட்டையார் மறைந்தார்.

படத்தைத் தெலுங்கில் 'பெள்ளி கானுக' என்று எடுத்தபோதும் ராஜாதான் இசை. 1961இல் ஸ்ரீதரின் சொந்த நிறுவனமான சித்ராலயாவின் முதல் படம் 'தேன் நிலவு'. காஷ்மீரில் போய் எடுத்த அந்தப் படத்துக்குக் கண்ணதாசன் பாட்டு எழுத, ராஜா மெட்டமைத்தார். அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் சிவாஜி நடித்த 'விடிவெள்ளி'. மூன்றே வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்கும் மெட்டுகளைக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

பாதியில் நின்ற பாட்டு

அதற்குப் பிறகுதான் அவர் வாழ்க்கையில் எல்லோரும் வருத்தத்தோடு பேசும் கட்டம். மெட்டைச் சுரக்குறிப்போடு எழுதி வைப்பார், ஒரு சுரம் மாறினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், தன் வேலையில் பிறர் தலையிடுவதைத் தாங்க மாட்டார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீதரோடு மனத்தாங்கல் வந்தது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வந்தபோது இசை விஸ்வநாதன் ராமமூர்த்தியுடையது. அதற்கு முந்தைய வருஷம் 'பாவ மன்னிப்பு' படத்தில் ஜெமினிக்கு பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினார். அதுவும் மென்மையான குரல். ஜெமினிக்குப் பொருத்தமாக இருந்தது. வாய்ப்புகள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1962இல் 'ஆடிப்பெருக்கு' படத்துக்கு ராஜா இசையமைத்தார். தனிமையில் இனிமை உண்டா என்று கேட்கும் அந்தப் படத்துப் பாட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் தமிழில் அவருக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் சற்று வளைந்து கொடுத்திருக்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து செய்யும் தொழிலில் விட்டுக்கொடுக்காமல் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதனால் இழப்பு அவருக்கு மட்டும் இல்லை, கேட்கும் நமக்கும்தான். இன்னொரு பக்கம், 'கல்யாண பரிசு' பாட்டுகளில் ஒரு இடம்கூடத் தளர்வாக இல்லாததற்கும் அதே பிடிவாதம்தான் காரணம். பதனிடும் வேலையில் ஒரு கட்டத்தை அவசரப்பட்டு முடித்தால் தோல் கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தன் வேலையில் அப்படிக் கண்டிப்பாக இருந்த மனிதர் அவர். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

தமிழில் வாசல் சாத்தப்பட்ட காலத்தில் கேரளம் அவரை வைத்துக் கொண்டாடியது. 1962இல் 'பார்யா', 'பாலாட்டுக் கோமன்', 1969இல் 'அடிமகள்' என்று மலையாளத்தில் அவர் பாடியவற்றை இன்றும் அங்கே டீக்கடை வரை கேட்கலாம். தமிழில் 1971இல் வி. குமார் இசையில் 'ரங்கராட்டினம்', 1972இல் சங்கர் கணேஷ் இசையில் 'புகுந்த வீடு' என்று சில பாட்டுகள் திரும்பக் கிடைத்தன. இருபது வருஷம் கழித்தும் குரல் அப்படியே இருந்தது.

ஜிக்கி

அவர் கதையில் ஜிக்கியைச் சொல்லாமல் விட முடியாது. பி.ஜி. கிருஷ்ணவேணி என்பது இயற்பெயர். 1948இல் 'ஞானசௌந்தரி' படத்தில் சிறுமியாக இருந்தபோதே பாடிப் புகழ் பெற்றவர். இருவரும் சேர்ந்து பாடிய ஜோடிப் பாட்டுகள் பல. பிறகு வாழ்க்கையிலும் ஜோடியானார்கள். நான்கு பெண்கள், இரண்டு பையன்கள். சினிமா வாய்ப்பு குறைந்தபோது கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போய் மெல்லிசைக் கச்சேரி செய்தார்கள். கோயில் திருவிழா மேடையில் ராஜாவையும் ஜிக்கியையும் நேரில் பார்த்தவர்கள் அதை ஒரு சொத்து போலச் சொல்வார்கள்.

அப்படி ஒரு கோயில் கச்சேரிக்காகத் தெற்கே போனபோதுதான், 1989 ஏப்ரலில், திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலில் அடிபட்டு ராஜா இறந்தார். அறுபது வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. ஜிக்கி துக்கத்தைத் தாங்கிக்கொண்டு, அதன் பிறகும் இளையராஜா இசையில் பாடினார். 2004 ஆகஸ்டில் அவரும் மறைந்தார்.

ராஜா இறந்த அதே 1989இல் பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றாகி, அவர் படித்த ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. விலாசம் எத்தனை தடவை மாறினாலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு செல்போனில் பாட்டுத் தேடி எடுப்பது சிரமம். 'மிஸ்ஸியம்மா', 'கல்யாண பரிசு', 'தேன் நிலவு', 'ஆடிப்பெருக்கு' என்று நான்கு படங்களின் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனது, டிக்கெட் எவ்வளவு என்று பாட்டோடு சேர்ந்து பழைய ஆம்பூரும் வேலூரும் வெளியே வரும். இதற்குச் சங்கத்தில் அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் என்றாலும் அடுத்த வீட்டார் புகார் சொல்ல மாட்டார்கள். ஏ.எம். ராஜாவைக் கேட்கச் சத்தம் குறைவாக இருந்தாலே போதும்.